‘கம்பெனியே நிறுத்திடுச்சு சார்’: பழைய காருக்குப் புகைக்கட்டுப்பாட்டு உதிரிகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்டே தீர வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். “இந்த ஐட்டம் இப்ப வர்றதில்ல சார். கம்பெனியே நிறுத்திடுச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வதற்கு அர்த்தம், கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் அந்த உதிரி இனி வராது என்பது மட்டும்தான். ஆக்சிஜன் சென்சாரையோ (புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) இ.ஜி.ஆர். வால்வையோ (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) கார் கம்பெனிகள் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. டென்சோ, பாஷ், என்.டி.கே. போன்றவர்கள் செய்து கொடுப்பதைத் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. பெட்டி நின்றுபோனாலும் பொருள் வேறு பெயரில், வேறு காருக்கென்று வந்துகொண்டிருக்கலாம். அதை எப்படித் தேடுவது என்று புதிதாகப் பழைய கார் வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். பெட்ரோல் கார்களைத்தான் அதிகம் பேசப்போகிறேன், டீசலுக்குக் கொஞ்சம்.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபோதுதான் புதிய பெட்ரோல் கார்களில் கேடலிடிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் பைப்பில் நின்று நச்சு வாயுக்களை மாற்றிவிடும் பெட்டி) கட்டாயமானது. பிறகு 2000-இல் தொடங்கிய பாரத் ஸ்டேஜ் என்ற அரசுப் புகைக்கட்டுப்பாட்டு விதி வரிசையோடு ஆக்சிஜன் சென்சாரும் மற்ற சாமான்களும் பரவலாக வந்தன. அந்த முதல் தலைமுறைக் கார்களுக்கு இப்போது 20 முதல் 30 வயது. எஸ்டீம், ஜென், பழைய சான்ட்ரோ, இகான், சியெலோ, மட்டிஸ் எல்லாம் இந்தக் கூட்டத்தில் வரும். இவற்றில் சிலவற்றைச் செய்த கம்பெனியே நாட்டில் இல்லை.

தேடப் போகும் முன்: அதுதான் கெட்டதா?

இல்லாத உதிரியைத் தேடி நாலு வாரம் அலைந்துவிட்டு, கடைசியில் கோளாறு வேறு இடத்தில் என்று தெரிய வருவது இந்தத் துறையில் சர்வசாதாரணம். அதனால் முதலில் புகைப் பரிசோதனைச் சீட்டைக் கையில் எடுங்கள். ‘ஃபெயில்’ என்ற சொல்லைவிட அதிலுள்ள எண்கள் முக்கியம். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை அனுமதி. ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம், 750 பி.பி.எம். ஸ்டேஜ் 4 என்றால் 0.3 சதவீதம், 200 பி.பி.எம்.

கார்பன் மோனாக்சைடு மட்டும் எகிறி, ஹைட்ரோகார்பன் ஒழுங்காக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம், ஆக்சிஜன் சென்சார் செத்திருக்கலாம். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் எங்கோ சரியாக எரியவில்லை. பிளக், பிளக் ஒயர், வால்வு என்று பாருங்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் அதிகம், ஆனால் எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படலாம்.

நம் ஊர்க் கார்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. “நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?” என்று பல வருடங்களுக்கு முன் யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி வீசியிருப்பார். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் போதுமான சூட்டுக்கே வராது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும், சீட்டில் கார்பன் மோனாக்சைடு ஏறும். எல்லோரும் சென்சாரைத் தேடி ஓடுவார்கள். மீட்டரில் சூட்டு முள் நெடுஞ்சாலையில் கீழே இறங்கிவிடுகிறதா என்று பாருங்கள். இறங்கினால் முதலில் சில நூறு ரூபாய் தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிட்டு அப்புறம் பேசலாம்.

இன்னொன்று, சைலன்சர் பைப்பில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஓட்டை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் போயிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, ‘ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை’ என்று சென்சார் தப்பாகச் சொல்லும். நல்ல சென்சாரைக் கழற்றி எறிய இது ஒன்று போதும்.

2010 ஏப்ரலில் ஸ்டேஜ் 4 வண்டிகளோடுதான் ஓ.பி.டி. (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு) வந்தது, 2013-இல் அதன் இரண்டாம் கட்டம். அதற்கு முந்தைய பல கார்களில் ஓ.பி.டி. போலவே ஒரு சாக்கெட் இருக்கும், ஆனால் இணையத்தில் வாங்கிய சின்ன ஸ்கேனரைச் செருகினால் பேசாது. வண்டி கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள்.

பரிசோதனைக்கு முன் இருபது நிமிடமாவது ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். கன்வெர்ட்டர் ஏறக்குறைய 250, 300 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வேலையே தொடங்கும். பக்கத்துத் தெருவிலிருந்து ஆறின எஞ்சினோடு போய் நின்றால் நல்ல கன்வெர்ட்டரும் தோற்கும்.

எண்ணைக் கண்டுபிடியுங்கள்

“எஸ்டீமுக்கு சென்சார் வேணும்” என்று கடைக்குப் போகாதீர்கள். எண்ணோடு போங்கள்.

பழைய உதிரியைக் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கனெக்டரைத் தனியாக, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். கழற்றிய பின் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் உடம்பைத் துடைத்தால் (சென்சாரின் முனையில் படாமல்) அச்சடித்த எழுத்து தெரியும். அங்கே பெரும்பாலும் இருப்பது கார் கம்பெனியின் எண் அல்ல, செய்தவரின் எண். இரண்டுமே வேண்டும்.

கார் கம்பெனி எண்ணைச் சேசிஸ் எண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆர்.சி.யில் சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரித்த மாதம், வருடம் எல்லாம் இருக்கும். சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் கவுன்ட்டரில் பணிவாகக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மாதம் முக்கியம். ஒரே மாடலில் நடு வருடத்தில் சென்சார் மாறியிருக்கும்.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சுஸுகி, டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் எண்களில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன உதிரி என்பதைச் சொல்லும். ஆக்சிஜன் சென்சார் என்றால் சுஸுகியில் 18213, டொயோட்டாவில் 89465, ஹோண்டாவில் 36531, ஹூண்டாயில் 39210. மீதிப் பகுதி எந்த எஞ்சின் அல்லது மாடலுக்கு முதலில் செய்தது, எத்தனையாவது திருத்தம் என்பதைக் குறிக்கும். மாருதி எண்களில் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு பல சமயம் ஓர் ‘எம்’ எழுத்து நிற்கும். அது இந்தியத் தயாரிப்பு எண். எம்மை எடுத்துவிட்டுத் தேடினால் சில சமயம் ஜப்பான் சுஸுகியின் எண் சிக்கும்.

அப்புறம், கவுன்ட்டரில் கேட்க வேண்டிய சரியான கேள்வி “இருக்கா?” இல்லை. “இந்த எண்ணுக்கு மாற்று எண் வந்திருக்கா?” என்று கேளுங்கள். பழைய எண்ணை மூடிவிட்டு, அதே வேலையைச் செய்யும் புதிய உதிரிக்கு வேறு எண் கொடுப்பது கம்பெனிகளின் வழக்கம். கவனமில்லாத கவுன்ட்டரில் பழைய எண் ‘நிறுத்தப்பட்டது’ என்று காட்டியதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு கேள்வியும் உண்டு: “வேற டீலர்கிட்ட பழைய ஸ்டாக் காட்டுதா?” விற்காமல் தூங்கும் சரக்கு சின்ன ஊர் டீலர்களிடம்தான் அதிகம்.

அண்ணன் தம்பிக் கார்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. ஒரே எஞ்சினைப் பல கார்களில் போடுவார்கள். உங்கள் கார் நின்றுபோயிருக்கலாம். அதன் தம்பி இன்னும் ஓடிக்கொண்டிருப்பான்.

மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சின் ஆம்னியிலும் இருந்தது. 800 விற்பனை 2010-லேயே ஸ்டேஜ் 4 வந்த 13 நகரங்களில் நின்று, 2014-இல் முழுதாக முடிந்தது. ஆம்னி அதற்குப் பிறகும் சில வருடம் வந்தது. எஸ்டீமின் 1.3 லிட்டர் ஜி13பிபி எஞ்சின் ஜிப்ஸி கிங்கிலும் உண்டு. எஸ்டீம் கைவிட்டுப்போன பிறகும் பத்து வருடத்துக்கு மேல் ஜிப்ஸி ராணுவத்துக்கும் போலீசுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஜிப்ஸி உதிரி விற்கும் கடைக்காரரை எஸ்டீம்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டீசலில் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட்டைச் சொல்ல வேண்டும். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ, லினியா, செவ்ரோலெ செயில் எல்லாவற்றிலும் ஒரே குடும்ப எஞ்சின். புன்டோவுக்கு இ.ஜி.ஆர். வால்வு கிடைக்கவில்லை என்று தவிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மாருதி, டாடா கவுன்ட்டர்களை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது: வால்வின் உடம்பில் உள்ள செய்தவர் எண், கனெக்டரில் எத்தனை பின், போல்ட் துளைகளின் இடைவெளி, மூன்றும் பொருந்த வேண்டும்.

டேவூ இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டுப் போனாலும் சியெலோ உஸ்பெகிஸ்தானில் நெக்ஸியா என்ற பெயரில் வெகு காலம் வந்தது, மட்டிஸும் அப்படித்தான். கொரிய, சீனக் கம்பெனிகள் அவற்றுக்கான உதிரிகளைச் செய்துகொண்டே இருந்ததற்கு அது ஒரு காரணம். நம் ஜென் ஐரோப்பாவில் சுஸுகி ஆல்டோ, பழைய சான்ட்ரோ வெளிநாட்டில் ஏட்டாஸ். இணையத்தில் தேடும்போது அந்தப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.

எங்கே தேடுவது

சர்வீஸ் சென்டரில் இல்லையென்றால் அடுத்தது செய்தவரின் சொந்த விநியோகஸ்தர். டென்சோ, பாஷ் பொருட்களை விற்கும் கடைகளில் உதிரி எண்ணைக் கொடுத்தால் கேட்லாக்கில் பார்ப்பார்கள். பூட்மோ போன்ற தளங்களில் எண்ணைப் போட்டால், கம்பெனி உதிரியோடு மாற்றுப் பிராண்டுகளும் ஒரே பக்கத்தில் வரும். வாங்காவிட்டாலும் மாற்று எண்களைக் குறித்துக்கொள்ள அது உதவும்.

சென்னையில் புதிய சாமான் என்றால் ஜி.பி. ரோடு, கழற்றிய சாமான் என்றால் புதுப்பேட்டை. பெங்களூரில் ஜே.சி. ரோடு, டெல்லியில் கஷ்மீரி கேட். ஜி.பி. ரோட்டில் பெரிய கடைகளைவிட, மாடிப்படிக்கு அடியில் இருபது முப்பது வருடமாக ஒரே ஒரு கம்பெனி சாமான் மட்டும் விற்கும் சின்னக் கடைகள்தான் நமக்கு வேண்டியவை. காலை பதினொரு மணி வாக்கில், கூட்டம் சேரும் முன் போனால் நின்று பேசுவார்கள். “அண்ணே, பழைய ஸ்டாக் ஏதாவது கிடக்குதா, கொஞ்சம் பாருங்களேன்” என்று சாமானைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். போனில் கேட்டால் “இல்ல” என்பவர், சாமானைப் பார்த்ததும் பரண்மேல் ஏறுவார்.

புதுப்பேட்டையில் எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எனக்கொரு கணக்கு உண்டு. கார்பன் கேனிஸ்டரின் (பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) பிராக்கெட், ஏர் ஃபில்டர் பெட்டி, மேனிஃபோல்டு, கனெக்டரோடு வெட்டிய ஒயர் துண்டு இவையெல்லாம் தாராளமாக வாங்கலாம். குறிப்பாக அந்த ஒயர் துண்டு தங்கம், ஏன் என்று கீழே வருகிறது. ஆக்சிஜன் சென்சாரைப் பழையதாக வாங்குவது வீண். கன்வெர்ட்டரைப் பழையதாக வாங்குவது அதைவிட வீண்: உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காகப் பலவற்றின் குடலை ஏற்கெனவே உருவி விற்றிருப்பார்கள். வெளிக்கூடு அப்படியே பளபளவென்று இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது கடைசி வழி. துபாய், ஜப்பான் விற்பனையாளர்களிடம் எண்ணை வைத்து வாங்கலாம். கூரியர், சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து சாமான் விலையைத் தாண்டிவிடும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். சின்னதாக, எடை குறைவாக உள்ளதை மட்டும் இப்படி வாங்குங்கள்.

ஆக்சிஜன் சென்சார்: அருகில் போய்ப் பார்ப்போம்

அதிகம் தேடப்படுவது இதுதான். எளிதாக மாற்று கிடைப்பதும் இதுதான். பழைய கார்களில் இருப்பது பெரும்பாலும் சிர்கோனியா வகை. பல கார்களில் புரி 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி, கழற்ற 22 மி.மீ. ஸ்பானர். மாறுவது பெரும்பாலும் ஒயரின் நீளமும் கனெக்டரும்தான். அதனால் வேறு காரின் அதே வகைச் சென்சாரை வாங்கி, உங்கள் பழைய கனெக்டரை அதில் பொருத்தலாம். பழைய கனெக்டர் உடைந்திருந்தால் புதுப்பேட்டைத் துண்டு கைகொடுக்கும்.

ஒயர் நிறம் செய்தவருக்குச் செய்தவர் மாறும். பாஷ், என்.டி.கே. நாலு ஒயர் சென்சாரில் வெள்ளை இரண்டும் ஹீட்டர் (சென்சாரைச் சூடாக்குவது), கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். டென்சோவைக் கழற்றிவிட்டு பாஷ் போடும்போது ‘கறுப்புக்குக் கறுப்பு’ என்று முறுக்கினால் ஹீட்டர் மின்சாரம் நேரே புதிய சென்சாரின் சிக்னல் ஒயருக்குப் போகும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் பாருங்கள்: ஹீட்டரின் இரண்டு ஒயருக்கிடையே சில ஓம் காட்டும், மற்றவற்றுக்கிடையே ஆறிய சென்சாரில் ஒன்றும் காட்டாது.

ஒயரைச் சால்டர் வைத்து இணைக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றைப் பல சென்சார்கள் ஒயரின் இழைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் ஊற்றினால் அந்த வழி அடைபடும். கிரிம்ப் செய்யுங்கள் (சின்ன உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி இணைப்பது), மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

போடும்போது எஞ்சின் லேசாகச் சூடாக இருக்கட்டும், பழையது சுலபமாக வரும். புதியதன் புரியில் ஏற்கெனவே பசை தடவி வந்திருக்கும், முனையில் ஒட்டவிடாதீர்கள். எஞ்சின் வேலைக்கு வாங்கும் சிலிகான் பசையில் ‘சென்சாருக்குப் பாதுகாப்பானது’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரணச் சிலிகானின் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். மாட்டியபின் சூடான எஞ்சினை 2000 சுற்றில் பிடித்து சிக்னல் ஒயரில் பாருங்கள்: 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் இன்னும் ஏதோ சரியில்லை.

ஐந்தாறு ஒயர் உள்ள வைட்பேண்டு சென்சாரை இதற்குப் பதிலாகப் போட முடியாது, விலை அதிகமென்பதால் நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கன்வெர்ட்டர்

ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் தேன்கூடு மாதிரி இருக்கும் உள்பகுதி உடைந்திருக்கிறது. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பெனிக் கன்வெர்ட்டர் கிடைக்கவில்லையென்றால் பொதுவகைக் கன்வெர்ட்டரை வாங்கி சைலன்சர் கடையில் வெல்டிங் செய்யலாம். எஞ்சின் சி.சி.க்கும் உங்கள் வண்டியின் ஸ்டேஜுக்கும் ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாங்குங்கள். பைப் விட்டம் மாறக் கூடாது, பழையது இருந்த அதே இடத்தில் வைக்க வேண்டும். வசதியாக இருக்கிறதென்று ஒரு மீட்டர் பின்னால் தள்ளி வைத்தால் அது சூடாகவே ஆகாது.

எஞ்சின் ஆயில் குடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் வால்வு சீலையோ ரிங்கையோ கவனித்துவிட்டுத்தான் கன்வெர்ட்டர் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆயிலின் சாம்பல் புதியதையும் கொஞ்ச நாளில் மூடிவிடும்.

சைலன்சர் கடைக்காரர் “உள்ள இருக்கிறத தட்டி எடுத்துடலாம் சார், வண்டி ஜம்முன்னு போகும்” என்பார். ஸ்டேஜ் 2-க்குப் பிந்தைய வண்டி அந்த நிலையில் 0.5 சதவீதத்துக்குள் நிற்பது மிகவும் கஷ்டம். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். அதற்கு மேல், பின்னால் வரும் பைக்காரர் மூச்சில் நீங்கள் ஊதுவது என்ன என்பதும் இருக்கிறது.

மற்ற சில்லறைகள்

எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப எரிக்க அனுப்பும் பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டினால் சத்தம் வர வேண்டும். பல சமயம் கார்புரேட்டர் கிளீனர் அடித்தாலே சரியாகிவிடும். இ.ஜி.ஆர். வால்வும் அப்படித்தான், பாதிக்கு மேல் கரி அடைப்புதான். கேனிஸ்டரிலிருந்து ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வுக்கு 12 வோல்ட் கொடுத்து ‘டக்’ என்கிறதா பாருங்கள். போயிருந்தால் அதே குழாய் அளவுள்ள வேறு காரின் வால்வு பெரும்பாலும் பொருந்தும். வேக்குவம் ஹோஸுக்கெல்லாம் கம்பெனி எண்ணைத் தேடி அலைய வேண்டாம், உள்விட்டம் அளந்து மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் ஹோஸ் மட்டும் இருபது சதவீத எத்தனாலைத் தாங்கும் வகையாக இருக்கட்டும், இப்போது பங்கில் ஊற்றுவது அதுதானே.

எல்லாம் மாட்டியபின் பேட்டரி டெர்மினலைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் பழைய கம்ப்யூட்டர்கள் தாங்கள் கற்றுவைத்த பழைய கணக்கை மறந்துவிடும் (ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் இருந்தால் முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்). ஓரிரண்டு நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக ஓட்டிவிட்டு, சூடான எஞ்சினோடு பரிசோதனைக்குப் போங்கள். பொருந்திய உதிரியின் எண், செய்தவர், வாங்கிய கடை மூன்றையும் பரிசோதனைச் சீட்டோடு சேர்த்து ஆர்.சி. கவரில் வையுங்கள். அதே சென்சார் விலை கட்டுப்படியானால் இன்னொன்றும் வாங்கிப் பத்திரமாக வைத்துவிடுங்கள், அடுத்த முறை இதுவும் வராது.